சாலிஹ் காட்டிய தூரம்

சாலிஹ் அன்று காலை எடுத்த தீர்மானம் எளிமையானது. பொழுது சாய்வதற்குள் மனைவியை நடக்க வைத்தே வெல்வது.

ஏறாவூரில் அவர் குடியிருந்த வீடு ஸகியாவின் சீதனம். வளவும் கிணறும் அவளுடையவை. பசுகூட அவள் குரலுக்குத்தான் திரும்பிப் பார்க்கும். சாலிஹின் பேரில் இருந்தவை ஒரு குடையும் ஏராளமான அபிப்பிராயங்களும். ஆகவே தன் பேரில் ஒரு பழைய மோட்டார்க் கார் வாங்க ஆசைப்பட்டார். அதற்கு உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால், மலையடியில் காடு வெட்டிப் பயிர் செய்கிற ஸகியாவின் சேனைக் காணியை விற்க வேண்டும். அவளோ, "காணியக் கண்ணால காட்டுங்க. பிறகு ஒப்பம் வைக்கன்" என்றுவிட்டாள்.

காட்டுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. எந்த வழியால் காட்டுவது என்பதுதான் விஷயம். குளக்கட்டிலிருந்து வரப்போடு போனால் பத்து நிமிட நடை. காட்டுக்குள் இறங்கி மலையை ஒரு வட்டம் சுற்றினால் நாலு மைல். வண்டிக்கார இளையதம்பியைக் குளக்கட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, சாலிஹ் காட்டுக்குள் இறங்கினார்.

"இன்னும் எவ்வளவு தூரம் மச்சான்?"

"இப்பதானே புள்ள தொடங்கியிரிக்கம். இதுக்குத்தான் சொன்னன், இந்தக் காணிக்கு மனிசர் வந்துபோக ஏலாதெண்டு."

"ஓம் ஓம். பாவம் நீங்க."

முதல் மைலில் ஸகியா கறிக்கு முசுட்டை இலை ஆய்ந்தாள். இரண்டாம் மைலில் முந்தானை நிறைந்து, இலை சாலிஹின் குடைக்குள் இடம் மாறியது. உடனே தூறல் விழுந்தது. குடையை விரிக்க வழியில்லை. மூன்றாம் மைலில் அவருடைய புதுச் செருப்பு சேற்றில் அறுந்தது. ஓரிடத்தில் பாதை நடுவே யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது.

"ஆனை இப்பதான் போயிரிக்கு" என்றாள் ஸகியா.

சாலிஹுக்கு அது கேட்கவில்லை. அவர் முப்பது முழம் முன்னால் போயிருந்தார்.

"நல்ல காத்து மச்சான். பெருநாள் மாதிரி இரிக்கு."

"கால் நோகல்லயா உனக்கு?"

"இல்லயே. உங்களுக்கு?"

"எனக்கா? சே!" என்றார் சாலிஹ், ஒரு கல்லில் குந்திக்கொண்டே.

ஒருவழியாகச் சேனை வந்தது. ஆளுயரச் சோளன், நடுவில் காவற்பரண். காணியைச் செய்கிற கோணாமலை இவர்களைக் கண்டு வாய் பிளந்தார்.

"என்ன காக்கா, காட்டுப் பக்கத்தால..."

சாலிஹுக்குப் பலத்த இருமல் வந்தது.

கோணாமலை ஸகியாவிடம் திரும்பினார். "தங்கச்சி, மகளுக்குப் பிள்ளைப்பேறு கிட்டிற்று. நான் இண்டைக்கே போகோணும், திரும்பி வரப் பதினைஞ்சு நாளாகும். காவலுக்கு ஆளில்ல. காட்டுப் பண்டி இறங்கினா ஒரு கதிர் மிஞ்சாது."

"கேட்டியா? இதுக்குத்தான் வித்துப்போடச் சொல்றன்" என்றார் சாலிஹ்.

ஸகியா ஒரு கதிரை உரித்துப் பார்த்தாள். மணி முத்து முத்தாக இருந்தது. "பயிரோட ஆரும் விப்பாங்களா? கோணாமலை அண்ணன் வாறவரைக்கும் நீங்க காவலுக்கு இரிங்க. பதினைஞ்சு நாள்தானே."

"நானா? நான் வீட்ட வரத் தேவல்லயா?"

"இந்தத் தூரத்தயா? மனிசர் வந்துபோக ஏலாதெண்டு நீங்கதானே சொன்னீங்க? காலப் பாருங்க, வீங்கிப்போச்சு."

சாலிஹ் வாயைத் திறந்தார். அவரிடம் ஒரே ஒரு நல்ல பதில் இருந்தது: பத்து நிமிடத்தில் வண்டிக்குப் போய்விடலாம். அதைச் சொன்னால் நாலு மைலுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

கோணாமலை மூட்டையைக் கட்டினார். ஸகியா முசுட்டை இலையை எடுத்துக்கொண்டு, குடையை மட்டும் கணவனிடம் விட்டாள். சாலிஹ் நொண்டி நொண்டிப் பரணில் ஏறினார். மேலிருந்து பார்த்தால் குளக்கட்டும் வண்டியும், இளையதம்பி மாட்டுக்கு வைக்கோல் போடுவதும் துலக்கமாகத் தெரிந்தன. ஸகியா நேரே அந்தப் பக்கத்து வரப்பில் இறங்கினாள்.

"புள்ள, அந்த வழி உனக்கு எப்பிடித் தெரியும்?"

"குளக்கட்டில இறங்கக்குள்ளயே இளையதம்பி கைகாட்டினார், அந்தா உங்கட பரண் எண்டு."

"அப்ப ஏன் நாலு மைல் நடந்த நீ?"

ஸகியா திரும்பி நின்று சொன்னாள்: "நீங்க அவ்வளவு ஆசையாக் கூப்பிடக்குள்ள மாட்டன் எண்டு சொல்ல மனம் வரல்ல மச்சான்."