முப்பது கேள்விப் படிவம்

நான்காவது முறையாகக் கதை திரும்பி வந்தது. இந்தத் தடவை பத்திரிகை ஆசிரியர் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: ‘கதாநாயகி கல்யாணமாகி இருபது வருஷமானவள் என்கிறீர்கள். அவளோடு ஒரு நாளாவது பழகினீர்களா? துணிக்கடைப் பொம்மை மாதிரி நிற்கிறாள். ஆளைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். இன்னும் ஒரே தடவை பார்க்கிறேன்.’

படிவக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அலுவலகத்தில் படிவங்கள் தயாரிப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். கதாநாயகியை அவர் தம் மனைவியை மனதில் வைத்துத்தான் எழுதியிருந்தார். அப்படியானால் யாரைத் தெரியவில்லை என்கிறார் இந்த மனுஷன்?

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தார். முப்பது கேள்விகள். எதற்குப் பயம்? பிடித்த தீனி? அழுவது எப்போது? தாமே நிரப்பப் பார்த்தார். முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, மனைவியிடம் இதையெல்லாம் எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு பொய் கைகொடுத்தது.

“ஆபீஸ்ல குடுத்தாங்க. வீட்ல இருக்கறவங்கதான் நிரப்பணுமாம்.”

“முப்பது கேள்வியா? உங்க ஆபீஸுக்கு வேற வேலையே இல்லையா?” என்றாலும் வாங்கிக்கொண்டாள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்கச் சிரித்துச் சிரித்து எழுதினாள்.

அவள் நிரப்பிக் கொடுத்ததை வாங்கிப் படித்தார். பயம்: பூனை, வெளியே காட்டிக்கொள்வதில்லை. பிடித்தது: ரொட்டியின் கருகிய ஓரம். அழுவது: குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காது என்று நினைப்பு.

அடிப்பாவி, இத்தனையையும் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாயா! ரொட்டி ஓரம் அவருக்கும் உயிர். இத்தனை வருஷமும் அதைத் தாமே அல்லவா பிய்த்துத் தின்றிருக்கிறார்!

கதையைத் திருத்தி எழுதி அனுப்பினார். கையோடு குடும்பத்தையும் திருத்தக் கிளம்பினார்.

மறுநாள் காலை கருகிய ஓரங்களையெல்லாம் வெட்டி மனைவியின் தட்டில் அடுக்கினார்.

“எனக்கெதுக்கு இது? கடிக்கவே முடியல.”

“பரவாயில்ல, இனிமே வெக்கப்படாம சாப்பிடு.”

அடுத்தது, மாடிப்படியில் படுக்கும் பூனை. அவருக்கும் பூனை என்றால் கொஞ்சம் ஆகாதுதான். ஆனாலும் அவளுக்காகக் குடையை நீட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரட்டினார்.

“அதுக்கு நான் தினமும் பால் வெக்கறேன். அதைப் போயி வெரட்டறீங்களே!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காட்டிக்கொள்வதில்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறாளே என்று அவர் உருகிப்போனார்.

அன்று சாயங்காலம் குழாய்ச் சத்தம் கேட்டதும் குளியலறைக் கதவைத் தட்டினார்.

“அழறியா? வெளிய வா, நான் இருக்கேன்.”

“சோப்புப் போட்டுட்டிருக்கேன்! போங்க அந்தப் பக்கம்!”

அதன் பிறகு அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “உங்கப்பாவ டாக்டர்கிட்ட காட்டணும்டி” என்று மகளிடம் கிசுகிசுத்தது மட்டும் அவர் காதில் விழுந்தது. யாரைச் சந்தோஷப்படுத்தக் கிளம்பினாரோ அவளே விலகிப் போனதில் மனிதர் நொந்துபோனார்.

கதையை அனுப்பிய பதினைந்தாம் நாள் ஆசிரியரின் கடிதம் வந்தது. மனைவியையும் மகளையும் உட்காரவைத்து, உரக்கப் படித்தார்: ‘பிரசுரிக்கிறேன். இப்படி உயிருள்ள ஆளைக் கதையில் பார்த்து வெகு நாளாயிற்று. குழாயைத் திறந்துவிட்டு அவள் அழும் இடத்தில் எனக்கும் அழுகை வந்தது.’

பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆபீஸ் படிவம்னு சொன்னது பொய். கதைக்காக நான்தான் தயாரிச்சேன். நீ எழுதினத அப்படியே போட்டேன். இத்தனை வருஷமா உன்னத் தெரிஞ்சுக்காமயே இருந்துட்டேன், மன்னிச்சுக்கோ.”

அவள் கண்ணில் நீர் கோத்தது; வாயோ சிரிப்பை அடக்கப் பாடுபட்டது. எழுந்து போய், ரொட்டியின் கருகிய ஓரங்களை ஒரு தட்டில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்பா, ஆபீஸ் படிவம்னா அங்க வேலை பாக்கறவரைப் பத்தித்தானே கேப்பாங்கன்னு நெனச்சு அம்மா எழுதினாங்க. அந்த முப்பது பதிலும் நீங்கதான்!”