குடை மாமாவும் வாடாமல்லிக் குருவியும்

வெள்ளைக் காக்கா பறக்கிறது என்று சொல்லி, அதை நிஜமாகவே காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். மைசூரில் நாங்கள் அவரைக் குடை மாமா என்று கூப்பிடுவோம்.

தொண்ணூறுகளில் ஞாயிறு காலைகளில் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குக் கும்பலாகப் பறவை பார்க்கப் போவோம். எல்லார் கழுத்திலும் பைனாகுலர் தொங்கும். மாமா கையில் மட்டும் கறுப்புக் குடை. மழையோ வெயிலோ, விரித்தேதான் வைத்திருப்பார். கேட்டால், "மேல பாத்துட்டே நடக்கிறோம். அதுங்க சும்னே இருக்குமாப்பா? ஒருவாட்டி புதுச் சட்டையே போச்சு" என்பார்.

குடைக்கடியில் நடப்பவருக்கு வானம் எப்படித் தெரியும்? அங்கேதான் எனக்கு வயிறு எரியும். வாஷிங் மெஷினுக்கென்று வீட்டில் சேர்த்ததை எடுத்துப் பைனாகுலர் வாங்கினவன் நான். துவைக்கிற கல்லருகில் நின்றுகொண்டு என் மனைவி வாராவாரம் கேட்பாள், "இன்னிக்காவது ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

எனக்கு எங்கே தெரிந்தது? மாமா குடையை லேசாகச் சாய்ப்பார். "அதோ பாருப்பா, காக்கா. சுண்ணாம்பு அடிச்சாப்பல இருக்கு." பார்த்தால் சத்தியமாக வெள்ளைக் காக்கா. பிறகொரு நாள் டீ நிறத்தில் மைனா. இன்னொரு நாள் தலை மட்டும் நரைத்த கொண்டைக்குருவி. நிறம் மாறிப் பிறந்த பறவையெல்லாம் இவரிடம் ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் இரை தேடப் போகும் போலிருந்தது.

எங்களை அழைத்துப் போன புரொபசர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அபூர்வமாக எதைப் பார்த்தாலும், இரண்டாவது ஆளும் பார்த்து "ஹௌது" என்று ஆமாம் போட்டால்தான் செல்லும். அப்படிப் பார்த்தவர் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் நடப்பார். ஓட்டலில் முதல் மசால் தோசை அவருக்குத்தான். மாமா தின்ற தோசைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கரிக்கிறது.

ஒரு ஞாயிறு மேகமூட்டமாக இருந்தது. மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நாணல் புதரில் ஒரு தினைக்குருவி வந்து உட்கார்ந்தது. சாதாரணமாக அது மண் நிறம். இதுவோ தலையிலிருந்து வால்வரை வாடாமல்லி நிறம். கத்திப் புரொபசரைக் கூப்பிட்டேன். புரொபசர் ஓடி வருவதற்குள் அது புதருக்குள் போய்விட்டது.

"இன்னொருத்தர் யார் பார்த்தது?" என்றார் புரொபசர்.

பக்கத்தில் இருந்தவர் மாமா மட்டும்தான். போயும் போயும் இவர் வாயிலா என் தோசை மாட்டிக்கொள்ள வேண்டும்? மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹௌது சார். நானும் பாத்தேன்."

அந்த நேரம் தூறல் விழுந்தது. குருவி மறுபடி நாணல் நுனிக்கு வந்தது. எல்லாரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். மாமா திடீரென்று குடையைத் தலைக்கு மேலிருந்து இறக்கி எல்லார் முகத்துக்கும் நேரே பிடித்து, "மழை சார், மழை" என்று குறுக்கே நடந்தார். குடைக்கம்பி புரொபசர் மூக்கைப் பதம் பார்த்தது. குருவி பறந்துவிட்டது. தூறல் வலுத்து நாங்கள் மரத்தடிக்கு ஓட, மாமா மட்டும் குடையை இறக்கிப் பிடித்தபடியே பின்னால் வந்தார்.

எல்லாரும் திட்டினார்கள். நான்தான் அதிகம் திட்டினேன். "பொறாமை மாமா உங்களுக்கு. அடுத்தவன் கண்ணுல ஒண்ணு பட்டா பொறுக்காது."

"அப்படியே வெச்சுக்கோப்பா" என்றார்.

நான் முன்னால் நடந்தேன். முதல் தோசை தின்றேன். அன்று வீட்டில்கூட மரியாதையாகக் காபி கிடைத்தது.

அடுத்த வாரம் பைனாகுலர் வார் தைக்க மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனேன். மாமா குடியிருந்த மாடிக்குக் கீழே குருவி விற்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிண்ணங்களில் பச்சை, மஞ்சள், வாடாமல்லி. தினைக்குருவிகளை ஒவ்வொன்றாகச் சாயத்தில் முக்கிக் கூண்டில் விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பப்ப ஒண்ணு ரெண்டு தப்பிச்சுடுது சார்" என்றான். "போனா போகட்டும், மழை பட்டா பழைய கலர்தான்."

மாடியிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "மேல வாப்பா, காபி ஆயிட்டிருக்கு."

ஏறிப் போனேன். தினமும் இந்தக் கிண்ணங்களைத் தாண்டித்தான் இவர் தெருவில் இறங்குகிறார். "தெரிஞ்சுமா மாமா ஹௌதுன்னீங்க?" என்றேன்.

"சர்க்கரை போதுமா பாரு" என்றார்.

தம்ளரை நீட்டியவர் அடுக்கடுக்காகத் தும்மினார். அந்த மழையில் குடை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். தொப்பலாக நனைந்த ஒரே ஆளும் அவர்தான்.