ஃபோன் எடுக்க ஓர் ஆள்

"ஃபோன் நம்பர் கேட்குது. உனக்கு ஏதுடா ஃபோன்?" என்று கம்ப்யூட்டர்க்காரர் தான் எழுதிய புரொகிராமிடம் கேட்டார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். விடிவதற்குள் மருந்துக் கிடங்கின் இணையதளத்துக்குள் நுழைந்து ஆர்டர் போட வேண்டும். தாமதித்தால் அன்றைய வண்டியில் மருந்து ஏறாது. வருஷக்கணக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் செய்த வேலையை இப்போது புரொகிராம் செய்கிறது. அதன் புண்ணியத்தில் அவர் கனவுகளை முடிவுவரை காண்கிறார். வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு மனைவியோடு காபி குடிக்கிறார். புரொகிராமுக்கு மட்டும் கை இருந்திருந்தால் பிடித்துக் குலுக்கியிருப்பார்.

இப்போது கிடங்கு புது விதி போட்டுவிட்டது. பாஸ்வேர்ட் மட்டும் போதாதாம். ஃபோனில் கூப்பிட்டு ஆறு எண்கள் சொல்வார்கள், அதையும் அடிக்க வேண்டும். மூன்று முறை தப்பானால் கணக்குக்குப் பூட்டு.

"அப்போ மறுபடியும் இருட்டோட எழுந்திருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"நான் எதுக்கு? ஃபோன் எடுக்கவும் அதுக்கே சொல்லிக்கொடுத்துட்டா போச்சு."

டிராயரில் கிடந்த தன் பழைய ஃபோனைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். யாராவது பேசினால்தான் மறுமுனை வாயைத் திறந்தது. அதனால், "ஹலோ, சொல்லுங்க" என்று தன் குரலில் பதிவு செய்துவைத்தார். மறுமுனை ஒப்பிக்கும் முதல் ஆறு எண்களைக் கேட்டு புரொகிராம் அடித்துவிடும். மெஷினும் மெஷினும் பேசிக்கொள்ளட்டும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மாமியாரிடம் இருப்பது அந்தப் பழைய நம்பர்தான் என்பது மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"ஹலோ, சொல்லுங்க."

"மாப்பிள்ளை! முழிச்சிட்டீங்களா? சும்மாதான் கூப்பிட்டேன்..."

முட்டி வலியில் தொடங்கிய பேச்சு மாடி வீட்டுச் சண்டைக்குள் புகுந்து, தூக்கம் வராத கதையில் வந்து நின்றது. புரொகிராம் எண்களுக்காகக் காத்திருந்தது. அது குறுக்கே பேசவில்லை, கொட்டாவியும் விடவில்லை. மாமியார் ஓய்ந்த பிறகுதான் கிடங்குக்கு லைன் கிடைத்தது. மயிரிழையில் மருந்து அன்றைய வண்டியில் ஏறியது.

மாலையில் வீட்டுக்கு வந்தால், கேட்காமலே இரண்டாவது காபி வந்தது.

"அம்மா அழுதுட்டாங்க. 'பெத்த பிள்ளைங்ககூட இவ்வளவு பொறுமையா கேட்டதில்லைடி'ன்னாங்க. என்கிட்ட மட்டும் ஏன் எப்பவும் வெறும் 'ம்'?" என்றாள் மனைவி.

"ம்," என்றார் அவர்.

இதற்குமேல் உண்மையை எப்படிச் சொல்வது? மாமியார் நம்பரைத் தடுக்கலாம். ஆனால் இந்த வீட்டில் தனக்குச் சோறு தடுக்கப்படும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். யார் கூப்பிட்டாலும் சரி, ஆறு எண்கள் கிடைத்ததும் அல்லது ஒரு நிமிஷம் ஆனதும் புரொகிராம், "ரொம்ப நன்றிங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று கனிவாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடும்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆனால் உடம்பை விசாரிக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்? மாமியார் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். மாப்பிள்ளை பாவம், அவசரத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டு, எல்லாச் செய்தியையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"நாலு நாளா வலி மாப்பிள்ளை, மாத்திரை ரெண்டு போட்டேன், மாடி வீட்டுக்காரிக்கு அஞ்சு பிள்ளைங்க, மூணு சொன்ன பேச்சு கேட்காது, எட்டு வீடு மாறிட்டா, ஒண்ணுலயும் நிலைக்கலே..."

நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு, எட்டு, ஒண்ணு. புரொகிராம் பக்தியோடு அடித்தது. தப்பு. நன்றி சொல்லி வைத்தது. பேச்சு பாதியில் நிற்கிறதே என்று மாமியார் மறுபடி கூப்பிட்டார். அதுவும் தப்பு. மறுபடியும் கூப்பிட்டார்.

காலையில் கம்ப்யூட்டர்க்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது கணக்கு பூட்டியிருந்தது.

தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றார். "குழந்தைங்க வார்டுல மருந்து இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான் வரும். வண்டி வருமா, வராதா?"

"வரும்... வர வைக்கிறேன் சிஸ்டர்."

மெஷினை விட்டு ஃபோன் எடுக்கவைத்தது தெரிந்தால் கணக்கையே ரத்து செய்துவிடுவார்கள். ஆனாலும் குழந்தைகள் விஷயத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. கிடங்கின் உதவி எண்ணை அழுத்தி, மறுமுனை எடுத்ததும் பதற்றத்தில் தன் பழக்கமான வார்த்தையையே சொன்னார்.

"ஹலோ, சொல்லுங்க."

"அட, நீங்களா சார்!" என்றது ஒரு பெண் குரல். "குரலைக் கேட்டதும் தெரிஞ்சிடுச்சு. நான்தான் தினமும் உங்களுக்கு எண் வாசிக்கிறவ."

"நீங்க... மெஷின் இல்லையா?"

"மெஷின் வாங்கித் தர்றோம்னாங்க, இன்னும் வரலை. விடியக்காலையிலேர்ந்து நான்தான் உட்கார்ந்து வாசிக்கிறேன். உங்க கணக்கு பூட்டிக்கிச்சுன்னு பார்த்ததும் மனசு கேட்கலை சார். மேலதிகாரிகிட்ட சண்டை போட்டுத் திறந்துட்டேன். இப்ப ஆர்டர் போடுங்க, வண்டியை நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவர் ஆர்டரை அடித்துக்கொண்டே சொன்னார். "அம்மா, ரொம்ப நன்றி. உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"நான்தான் சார் உங்களுக்கு நன்றி சொல்லணும். தினமும் நன்றி சொல்லி, உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு சொல்றீங்களே. மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் ஃபோனை எடுக்க மெஷினை வெச்சுட்டாங்க. மனுஷன்னு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."