பவளப்பாறைக்கு மேலே மைக் அக்கா

கேரளத்தில் மின்சாரம் இல்லாமல் வேலை செய்த ஒரே ஒலிபெருக்கி எங்கள் மைக் அக்காதான். தேவிகுளத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த அரசு அலுவலகத்தில் அவர் அட்டெண்டர். மனு கொடுக்க வந்தவர்களை வராந்தாவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. ஒருநாள் "மாரியம்மா!" என்று கூப்பிட்டார். வராந்தா பெஞ்சிலிருந்து ஒரு மாரியம்மா எழுந்தார். எதிர் டீக்கடையிலிருந்து இன்னொரு மாரியம்மா ஓடி வந்தார். மூணாறு போய்க்கொண்டிருந்த பஸ் நின்று, அதிலிருந்து மூன்றாவது மாரியம்மா இறங்கி, "என்னையவா கூப்பிட்டீய?" என்று கேட்டார்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எஸ்டேட் கோயிலில் அவர் ஜெபிக்க எழுந்தால் உபதேசியார் முன்கூட்டியே மைக்கை அணைத்துவிடுவாராம். மைக் அக்கா என்ற பெயர் அங்கிருந்து கிளம்பி, மலை ஏறி, ஆபீசுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

குரல்கூடப் பரவாயில்லை. எதையும் வாயை மூடிக்கொண்டு பார்க்க அவரால் முடியாது. கண்ணில் பட்டதையெல்லாம் அப்போதே ஒலிபரப்பியாக வேண்டும். "மழ வருது, மழ வருது! கோயில் கிட்ட வந்துட்டு... இப்ப ஆஸ்பத்திரி... அந்தா, ஹெட் கிளார்க் சாரு கொடய மறந்துட்டு ஓடுதாரு! நனஞ்சிட்டாரு!" நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே தேவிகுளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலையில் அலுவலக வாசலில் காட்டு யானை வந்து நின்றது. ஹெட் கிளார்க் உட்பட நாங்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் இருந்தோம். மைக் அக்கா மட்டும் வராந்தாவின் விளிம்புக்குப் போய், மனுதாரரிடம் பேசும் அதே தொனியில், "ஏய்யா, ஆபீசர் இன்னைக்கு லீவு. திங்கக்கெழம வா!" என்றார். யானை காதை ஒருமுறை விசிறியது. திரும்பிப் போய்விட்டது. திங்கட்கிழமையும் வரவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் லட்சத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அரசாங்கம் தரும் பயணச் சலுகையில் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது ஹெட் கிளார்க் காஷ்மீர் என்றார். மைக் அக்கா உடனே மறுத்தார். "குளுரு பாக்கவா அம்புட்டுத் தூரம்? சன்னலத் தெறந்தா போதுமே! சார், எனக்குக் கடலு வேணும். கடலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். மேல நின்னு பாத்தா அது வெறும் தண்ணி!" அலுவலகம் முழுக்க இது கேட்டது. அப்படியென்றால் பக்கத்து அலுவலகத்துக்கும் கேட்டது. அங்கிருந்தும் சிலர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கொச்சியில் கப்பல் ஏறிய கொஞ்ச நேரத்தில் மலைவாசிகளான எங்கள் எல்லோருக்கும் தலை சுற்றியது. படுத்த படுக்கையாகக் கிடந்தோம். மைக் அக்கா எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாக வந்து, "இவரு இப்ப எந்திரிச்சிருவாரு! இவரு எந்திரிக்க மாட்டாரு!" என்று ஒலிபரப்பினார். என்னிடம் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு கொடுத்தார். அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

தீவை நெருங்கியதும் படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். அந்த நிறத்தை எங்கள் பக்கத்தில் எதோடு ஒப்பிட? காந்தலூர் வானம் சில மார்கழிக் காலைகளில் அப்படி இருக்கும். அதைக் கரைத்துத் தரையில் ஊற்றினாற்போல, தீவைச் சுற்றி அலையில்லாத ஆழமற்ற கடல். அதற்கு அப்பால் வெள்ளைக் கோடாக நுரை. அந்த நுரைதான் எல்லை, அதற்கு இப்பால் பவளப்பாறை, அப்பால் ஆழக்கடல் என்று எங்கள் வழிகாட்டி நசீர் சொன்னார். நசீர் தீவுக்காரர், மலையாளம் பேசும் ஒல்லி மனிதர்.

மூக்கையும் கண்ணையும் மூடும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள வளைந்த குழாய், உடம்புக்கு மிதவைச் சட்டை, காலுக்கு வாத்துத் துடுப்பு. இதுதான் சாமான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்துகொண்டு, குழாய் வழியாக மூச்சு விட வேண்டும். நசீர் விதிகளைச் சொன்னார். எதையும் தொடக் கூடாது. பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, அது உயிருள்ளது. வாயிலிருந்து குழாயை எடுக்கக் கூடாது. கடைசியாக மைக் அக்காவைப் பார்த்து, "சேச்சீ, உள்ளே சம்சாரம் வேண்டா" என்றார். மலையாளத்தில் சேச்சி என்றால் அக்கா, சம்சாரம் என்றால் பேச்சு. படகில் இருந்த நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் மூன்று விதிகள் எங்களுக்கு, நான்காவது அவருக்கு.

மகனுடைய டிராக் பேண்ட்டும் கணவருடைய முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு மைக் அக்கா தயாராக நின்றார். நான் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எறங்கு தம்பி."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க்கா. நீங்க போயிட்டு வாங்க, நா இங்கயே இருந்து செருப்பப் பாத்துக்கறனுங்க."

"பாலக்காட்டுக்காரன், ஊருல கெணறு இல்லையா?"

"கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கெணறு இருக்குதுங்க்கா, தண்ணிதான் இல்லீங்க."

"நான் மட்டும் என்ன, தேயிலைக்குள்ள பொறந்தவ! எனக்கு மட்டும் நீச்சலு தெரியுமாக்கும்?" என்றவர், "யேசப்பா!" என்று ஒரு குரல் கொடுத்து, என் கையையும் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் எனக்கு மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. பிறகு மிதவைச் சட்டை என்னைத் தூக்கிப் பிடித்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கண்ணைத் திறந்தேன்.

என்ன சொல்ல! எனக்குக் கீழே ஒரு ஊரே இருந்தது. மான்கொம்பு போல் கிளைவிட்ட பவளம், மூளை போல் சுருண்ட பவளம், முட்டைக்கோஸ் விரிந்தாற்போல் ஒரு பவளம். அவற்றுக்கு நடுவில் மஞ்சள், நீலம், வரிவரியாக, புள்ளிபுள்ளியாக மீன்கள். கூட்டமாகப் போய், எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில் திரும்பின. வெயில் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

அப்போது பக்கத்தில் எக்காளச் சத்தம் கேட்டது. "பூ... ஊ... பூஊஊ!" மைக் அக்கா குழாய்க்குள் பேசிக்கொண்டிருந்தார். நசீர் சொன்ன விதிப்படி குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. அதன் வழியாகவே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார். நீல மீனுக்கு நீளமாக ஒரு "பூ", வரி மீனுக்குச் சின்னச் சின்னதாக நாலு. தூரத்தில் மிதந்த ஹெட் கிளார்க் கப்பல் வருகிறது என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மணலில் முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. எல்லோரும் தலையை வெளியே எடுத்தபோது நசீர் அதைக் கடல்வெள்ளரி என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தமிழ்ல கடலட்டைன்னு சொல்லுவாங்க்கா" என்றேன்.

"அட்டையா!" மைக் அக்கா கத்திய கத்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் கிளம்பிவிட்டன. மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறாத நாளை அறியாதவர் அவர். "இம்புட்டுப் பெருசா! இது ஏறுனா ரத்தம் மிஞ்சுமா? உப்பு கொண்டாங்க, உப்பு!" பிறகு அவருக்கே ஏதோ உறைத்தது. "ஏன் தம்பி, கடலே உப்புத்தானே? அப்புறம் இது எப்பிடி உயிரோட கெடக்கு?" நசீர் சிரித்த சிரிப்பில் அவர் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது.

அடுத்து, கைவிரல் போன்ற கொழுத்த இழைகள் ஆடும் ஒரு கடல் பூவின் அருகே போனோம். உள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டையோடு ஒரு கோமாளி மீன் வந்தது. என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். நேராக வந்து மைக் அக்காவின் கண்ணாடியில் முட்டியது. அவர் பின்வாங்கினார். மீண்டும் வந்து முட்டியது. யானையைத் திருப்பி அனுப்பிய பெண், இரண்டு கையையும் கூப்பி, "பூ பூ" என்று மன்னிப்புக் கேட்டபடி பின்பக்கமாக நீந்திப் போனதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. எக்காளம் நின்றுபோனது.

திரும்பிப் பார்த்தேன். மைக் அக்கா அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். காதைக் காட்டி எனக்குச் சைகை செய்தார். நானும் கவனித்தேன். கடலுக்குள் சத்தம் இருந்தது! தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போல எல்லாப் பக்கமும் படபடவென்று ஒரு சத்தம். அதற்கு நடுவே நறுக், நறுக் என்று ஒன்று. கீழே, அலகு போன்ற பல்லுடைய பச்சை மீன் ஒன்று பவளத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. நமது மார்க்கெட்டில் வறுவலுக்கு வாங்கும் கிளிமீன் அல்ல, இது உண்மையிலேயே கிளி. அது கடிப்பது எங்களுக்குக் கேட்டது. மைக் அக்கா, வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ஆமை வந்தது. மேஜை அளவு பெரிய ஆமை. அவசரமே இல்லாமல், பறப்பது போல் துடுப்பை வீசிக்கொண்டு எங்களுக்கு அடியில் கடந்து போனது. மைக் அக்கா அதன் பின்னால் கிளம்பிவிட்டார்.

நான் ஆமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது அவர் வெகுதூரம் போயிருந்தார். அவருக்குச் சற்று அப்பால் அந்த வெள்ளை நுரைக் கோடு. தண்ணீர் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நசீர், காலில் தசை பிடித்து அலறிய ஹெட் கிளார்க்கைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். "அக்கா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. அவர் காது தண்ணீருக்குள் இருந்தது.

எப்படிப் போனேன் என்று தெரியாது. கையையும் காலையும் அடித்தேன், அவ்வளவுதான். கீழே பவளம் சட்டென்று முடிந்து, அடியே தெரியாத கருநீலம் தொடங்கியது. எட்டி அவர் கணுக்காலைப் பிடித்தேன்.

சுறா என்று நினைத்துவிட்டார். விட்டார் ஒரு உதை. என் கண்ணாடி ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். உப்புத் தண்ணீர் வாய் நிறைய. திணறினேன். ஒரு கை என் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது.

"தம்பி! நீயா! மல்லாக்கப் படு! மூச்ச விடு! ஒண்ணுமில்ல, நான் புடிச்சிருக்கேன்!" என்றவர், வாயை வானத்துக்குத் திருப்பி, "நசீரே!" என்றார்.

படகிலிருந்த நசீர் மட்டுமல்ல, கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்களாம். படகு வந்து சேரும் வரை அவர் என் கழுத்துப் பட்டையை விடவில்லை. காத்திருந்தபோது, எங்களுக்குப் பக்கத்திலேயே ஆமை தலையை வெளியே நீட்டியது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. கிழவரைப் போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. முங்கிப் போய்விட்டது.

படகில் ஏறியதும் எல்லோரும் மைக் அக்காவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். இப்போது ஒலிபரப்பு வரும் என்று காத்திருந்தோம். ஹெட் கிளார்க்கே, "என்ன பாத்தே? சொல்லு" என்று கேட்டுவிட்டார். அக்கா படகின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டார். கரை வரும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எங்கூட அது மூச்சு விட்டுச்சு தம்பி. நம்மள மாதிரியே" என்றார். அந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தேவிகுளம் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பஸ்கள் நின்றன, மாரியம்மாக்கள் இறங்கினார்கள். எனக்குப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்கு மாற்றல் வந்தது. போன மாதம் போன் செய்தார். காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

"திரும்ப தீவுக்குப் போறோம் தம்பி! ஒம் பேரையும் குடுத்துட்டேன்! அந்த ஆமைய நான் முழுசாப் பாக்கல, நீ வந்து காலப் புடிச்சிட்ட!"

"செரிங்க்கா" என்றேன்.

இப்போது தினமும் காலையில் பாலக்காட்டில் ஒரு நீச்சல் குளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில், நரைத்த மார்போடு நான் காலடித்துப் பழகுகிறேன். இந்த முறை அவர் எந்த ஆமையின் பின்னால் போனாலும், நான் கூடவே போவதாக இருக்கிறேன்.