சரிசரி என்றால் சம்மதம் அல்ல

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் அத்தையும் உடலளவில் சுகம். தங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் குடும்பத்துக்கென்று தாங்கள் திறந்து கொடுத்திருக்கும் அரட்டை அறையில் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எந்நேரமும் எரிகிறது. எங்கள் மகளின் புள்ளி மட்டும் அடிக்கடி மஞ்சளாகிறது, உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்கச் சொன்னாள் தங்கள் அத்தை. இந்தக் கடிதத்தையும் அங்கேயே எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆபீசில் இருப்பதும் அதே மென்பொருள்தான். நாம் எழுதுவதை அது படிப்பதோடு நில்லாமல் புரிந்துகொள்ளவும் செய்கிறது என்பதைச் சென்ற வியாழக்கிழமை அறிந்துகொண்டேன். ஆகவே காகிதம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக நான் புகார் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்பது கல்யாணத்துக்கு முன்பே தங்களிடம் சொல்லப்பட்டது. புகார் மேசை என்றால் ஒரு மேசை, இரண்டு ஃபோன், சுவரில் ஒரு பலகை. யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டால் முதல் ஃபோன் அடிக்கும். இரண்டாவது ஃபோனில் மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். அவர் போய்ச் சேரும்வரை முதல் ஃபோனில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். இதற்கு மேல் ஒரு சாதனம் வேண்டும் என்று முதலாளி பெரியவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவர் ஓய்வெடுத்துக்கொண்டு மகன் சின்னவர் நாற்காலிக்கு வந்த மூன்றாம் நாள் தோன்றிவிட்டது. “தகவல் தொடர்புல பெரிய இடைவெளி இருக்கு அங்கிள்” என்றார். அவருக்கும் எனக்கும் இடையில் இருந்தது ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டுமே. அதைக் காட்டி, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஊழியர்கள் பேசிக்கொள்வதற்கு மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டு, வயதை முன்னிட்டு என்னைத் தலைவனாக்கினார்.

மற்ற இருவர், ஸ்டோரைக் கவனிக்கும் அம்மாவும், அரைமாடி என்று நாங்கள் கூப்பிடும் தலைமை மெக்கானிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இரண்டு மாடிகளுக்கு நடுவே மதியம்வரை நின்றவர் என்பதால் அந்தப் பெயர். முதல் மென்பொருளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அறை. மொத்தம் நாற்பத்திரண்டு அறைகள், கிரீஸ் கையோடு சரியான அறையைத் தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அரைமாடி தவறிப்போய்த் தானே ஓர் அறையைத் திறந்து, தான் ஒருவரே உறுப்பினராக, பதினொரு நாள் அதில் அறிக்கை எழுதியிருக்கிறார். “யாருமே எதிர்த்து ஒரு வார்த்தை பேசலையே, ஆபீஸ் திருந்திடுச்சுன்னு நெனச்சேன்” என்றார் கமிட்டியின் முன். இரண்டாவது மென்பொருள் நாம் பேசினால் தானே எழுதிக்கொள்ளும். அரைமாடி மொட்டை மாடியிலிருந்து காற்றில் நின்றுகொண்டு “ரோப் மாத்தணும்” என்று சொன்னார். அது “ரூபம் மாற்ற வேண்டும்” என்று ஸ்டோர் அம்மாவுக்கு அனுப்பியது. அவர் நிதானமானவர். “இந்த வயசுக்கு மேல எதுக்கு?” என்று பதில் போட்டார். அந்தக் கட்டடத்துக்காரர்கள் அன்று முழுவதும் படியேறினார்கள்.

இந்த நிலையில்தான் தாங்கள் விடுமுறைக்கு வந்தீர்கள். சோபாவில் சாய்ந்தபடியே என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, “மாமா, இதுக்கெல்லாமா கமிட்டி? இதைப் போடுங்க, கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க” என்று மூன்றாவதைக் காட்டினீர்கள். கண்ணை மூடிக்கொண்டே போட்டேன். தாங்கள் அதோடு விடாமல், பெருந்தன்மையோடு சின்னவரை ஃபோனில் அழைத்து, அதிலுள்ள ஒப்புதல் வசதியை விளக்கினீர்கள். முதலாளி ஒரு கேள்வி போட்டால் ஊழியர் எழுதும் பதிலை மென்பொருளே படித்து, சம்மதமா இல்லையா என்று பதிவு செய்துவிடும். அதற்குத் தமிழ் தெரியாது என்பதால், சம்மதம் தெரிவிக்கும் சொற்கள் என்று தாங்களே பட்டியல் சொல்லி ஏற்றச் செய்தீர்கள்: ஆம், ஓகே, ஆகட்டும், சரி.

மாப்பிள்ளை அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். இருந்தாலும் எங்கள் ஆபீஸ் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்களிடம் ‘சரி’ என்றால் செய்துவிடுகிறேன். ‘சரிங்க’ என்றால் நீங்கள் சொல்வது தப்பு, ஆனால் முதலாளி நீங்கள்தான். ‘ம்… சரி’ என்றால் நாளைக்கு நீங்களே வேண்டாம் என்பீர்கள், அதுவரை பொறுத்திருக்கிறேன். ‘சரிசரி’ என்றால் அந்தப் பேச்சு முடிந்தது, அது நடக்காது, போய் டீ குடியுங்கள். பெரியவருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. லிஃப்டுகளில் பாட்டுக்குப் பதிலாகத் தன்னுடைய சொற்பொழிவை ஒலிபரப்பலாமா என்று ஒருமுறை கேட்டார். “சரிசரி” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், பிறகு டீ குடிக்கப் போய்விட்டார். எத்தனையோ ஆயிரம் பேர் அன்று காப்பாற்றப்பட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முதல் ஃபோன் அடித்தது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஒரு பெண், கையில் குழந்தை. விளக்கும் போய்விட்டது. “மூச்சு முட்டுது சார், கதவைத் தட்டித் தட்டிப் பாக்குறேன்” என்று அழுதாள். “தட்டாதேம்மா, காத்து வரும், மேல ஓட்டை இருக்கு. குழந்தை முழிச்சிருக்கா?” என்று கேட்டேன். “முழிச்சிருக்கான், சிரிக்கிறான் சார்” என்றாள். “அவன்தான் உங்க ரெண்டு பேர்ல விவரமானவன், அவன்கிட்ட ஃபோனக் குடு” என்றேன். அழுகைக்கு நடுவே அவளும் சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் டிங் என்றது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை டிங் என்னும். சின்னவர் எழுதியிருந்தார்: “இனிய செய்தி! புதிய மென்பொருள் வெற்றிகரமாக இயங்குவதால் இடைநிலைத் தொடர்புப் புள்ளிகளை நீக்கி நேரடித் தொடர்பை வலுப்படுத்த உத்தேசம். ஒப்புதலா?” கூடவே ஒரு ராக்கெட் படம். வலது கையில் ஃபோன், குழந்தை அந்தப் பக்கம் என்னிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது. இடது கையால் “சரிசரி” என்று தட்டிவிட்டேன். இருபத்தைந்து நிமிடத்தில் அரைமாடி போய்க் கதவைத் திறந்து இரண்டு பேரையும் இறக்கினார்.

இடைநிலைத் தொடர்புப் புள்ளி என்பது நான்தான் என்று வியாழக்கிழமை காலை என் மேசை இருந்த இடத்தில் செடித்தொட்டியைப் பார்த்ததும் தெரிந்தது.

சின்னவர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். “அங்கிள், உங்க பெருந்தன்மைய நான் எதிர்பார்க்கவே இல்ல. நீங்களே உங்க போஸ்ட்டை எடுக்க ஒப்புதல் குடுத்திருக்கீங்க.” நான், “தம்பி, நான் போட்டது சரிசரி” என்றேன். “அதான் சொல்றேன். ஒரு சரி போட்டா ஒப்புதல். நீங்க ரெண்டு போட்டதால ‘உறுதியான ஒப்புதல்’னு பதிவாயிருக்கு, பாருங்க” என்று திரையைத் திருப்பினார். பாராட்டுச் சின்னமும் வந்திருந்தது, கோப்பை மாதிரி. என் உதவிக்கு வந்தவர் அரைமாடி, அவர் எப்போதும் பாதி வழி வருவார். “தம்பி, அது சம்மதமே இல்ல. எங்க பாஷைல அது திட்டு” என்றார். சின்னவர் புருவத்தை உயர்த்தினார். தாங்கள் மிகவும் புகழ்ந்த தேடல் வசதியில் அந்தச் சொல்லைத் தட்டினார். இரண்டு மாதத்தில் அறுபத்து மூன்று சரிசரி. அத்தனையும் நான் அவருக்கு எழுதியவை.

“அங்கிள், ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். ஒண்ணு, நீங்க சம்மதிச்சிருக்கீங்க. இல்லன்னா, என்னை அறுபத்து மூணு தடவ திட்டியிருக்கீங்க. எது?”

ஸ்டோர் அம்மா கையிலிருந்த நட்டுப் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அரைமாடி தான் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா என்பது போல வாயை மூடிக்கொண்டு நின்றார். ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. திட்டியவன் என்றால் நன்னடத்தைச் சான்றிதழும் கிடையாது என்று எனக்குத் தெரியும். சம்மதம்தான் தம்பி என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னது அடுத்த தவறு. தங்கள் அத்தை பாத்திரத்தை வைத்துவிட்டு, “அப்படின்னா முப்பது வருஷமா நான் கேட்ட எல்லாத்துக்கும் சரிசரின்னு சொன்னீங்களே, அதுக்கும் இதான் அர்த்தமா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து பழைய விவகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விசாரித்து வருகிறாள். தங்களுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா என்று அவள் கேட்டபோதும் நான் அதையே சொன்னேனாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாங்கள் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் எதையும் கேட்டு நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. கொள்கைக்கும் இப்போது மேசை இல்லை. சின்னவருக்குத் தங்கள் மீது மதிப்பு அதிகம்; தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார். ‘சரிசரி’ என்பது சம்மதமும் அல்ல, திட்டும் அல்ல, பெரியவர்கள் தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலி, ‘சரி’யைப் பட்டியலில் ஏற்றியபோது இதை விலக்காததில் தங்கள் பக்கம் ஒரு சிறு கவனக்குறைவு நேர்ந்துவிட்டது என்று எழுதினால் போதும். என் மேசையைக் கேளுங்கள். செடித்தொட்டியை நானே தூக்கி வைத்துவிடுகிறேன். தங்கள் அறிவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பதினான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து, அடிக்காத ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பார்க்கத் தங்கள் அத்தைக்குச் சகிக்கவில்லை, எனக்கும்தான்.

தாங்களும் எங்கள் மகளும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியும்படி நீண்டகாலம் வாழ எங்கள் ஆசிகள். தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். பேசிச் சொல்லவும், எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். சற்று முன் சின்னவர் ஃபோன் செய்தார். என் இடத்தில் மென்பொருளின் தானியங்கி உதவியாளரை வைத்திருந்தார்களாம். நேற்று ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு காப்பாற்றுங்கள் என்று எழுத, இதுவரையிலான தங்கள் பயண அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அது கேட்டிருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை முதல் நான் வீட்டிலிருந்தபடியே தானியங்கி உதவியாளராகப் பதில் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை, மனிதன் என்று யாருக்கும் தெரியக் கூடாது. குழந்தை குட்டியைப் பற்றி விசாரிப்பதெல்லாம் இனி ஆகாது. ஒப்புக்கொண்டுவிட்டேன். மேலே எழுதியவை யாவற்றையும் எழுதாததாகக் கொள்ளவும், சின்னவரிடம் எதுவும் பேச வேண்டாம், மென்பொருள் மிகவும் அருமையானது. அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று எங்கள் மகளிடம் சொல்லுங்கள். என்னவாக என்று கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.