பத்து மாத அட்வான்ஸ்

வரி நோட்டீசை ஓஸ்வால்ட் நான்காவது தடவை படித்தபோதும் தொகை குறையவில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம். எட்டு வருட வீட்டு வரி, வட்டியும் அபராதமும் சேர்த்து. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்தான். ஆனாலும் தன் சம்பளத்திலிருந்து அதைக் கழிக்க அவருக்கு வழி தெரியவில்லை.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அப்பா விட்டுப்போன வீடு. கீழே அவர், மாடியில் அக்கா ஃபிலோமினா. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் அன்று, வந்தவர்கள் முன்னால் இவர், அக்கா சுட்ட குல்குல் பலகாரத்தைக் கடித்துவிட்டு, "பல் டாக்டர் உனக்குக் கமிஷன் தர்றாராக்கா?" என்று கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வரியை அக்கா கட்டுகிறாள் என்று இவர் இருந்தார். தம்பி கட்டுகிறான் என்று அவள் இருந்தாள்.

இப்போது இருவருக்கும் இடையில் மாடிப்படிச் சுவரும் ஒரு சாக்பீசும்தான். 'தண்ணி வந்தாச்சு.' 'மோட்டார் ஆஃப் பண்ணவும்.'

அன்றைக்கு அவர் சாக்பீசை எடுத்து, 'வரி பில் வந்திருக்கு. பாதி' என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. சட்டைக் கையால் அழித்தார். எழுத்து மங்கியது, சட்டைதான் வெள்ளையானது.

வரி அலுவலகத்தில் கோவிந்தப்பா என்ற கிளார்க் பொறுமையாகக் கேட்டார்.

"மொத்தமா கட்ட முடியாது சார். வேற ஏதாவது வழி?"

"கிரெடிட் கார்டு இருக்கா?"

"இல்ல."

"பேங்க் லோன்?"

"அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். யாரு குடுப்பா?"

"அப்போ பாதியைக் கட்டிட்டு, மிச்சத்துக்கு டைம் கேட்டு லெட்டர் குடுங்க. ஸ்வல்ப வட்டி ஓடும், அஷ்டே. கொஞ்சம்தான்."

பாதியும் இல்லை. அதைச் சொல்ல வெட்கம். "பாதி என்னோடது இல்ல சார். மாடி எங்க அக்காவோடது. அவங்களுக்கு அனுப்புங்க."

கோவிந்தப்பா கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "மாடியா? ரெக்கார்டுல கீழ்த்தளம் மட்டும்தானே இருக்கு?"

அடுத்த வாரம் டேப்போடு ஓர் ஆள் வந்து மாடியை மூலைமூலையாக அளந்தான். பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆனது. சுவரில் புதிதாக எழுதியிருந்தது: 'அளக்க வந்தவருக்கு காபி குடுத்தாச்சு.' அதை ஓஸ்வால்ட் நின்று பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பிறகு முன்அறையை வாடகைக்கு விடத் தீர்மானித்து, வாடகையும் அட்வான்ஸும் எழுதிய போர்டைக் கேட்டில் மாட்டினார். இரண்டு மணி நேரத்தில் ஸ்னேஹா என்ற பெண் வந்து நின்றாள். வைட்ஃபீல்டில் வேலையாம்.

"மாசம் ஒம்பதாயிரம். பத்து மாச அட்வான்ஸ்," என்றார். பாதி வரிக்குச் சரியாக வரும்படி போட்ட கணக்கு. பெங்களூர் வழக்கம்தான் என்றாலும் பேரம் நடக்கும் என்று எதிர்பார்த்தார்.

"ஓகே அங்கிள்."

"குழாய் ஒழுகும்மா."

"பரவால்ல அங்கிள்."

"ஜன்னல் மூடாது."

"காத்து வரும் அங்கிள்."

அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் தொண்ணூறாயிரத்தை ரொக்கமாக நீட்டினாள். நோட்டுகளில் அந்துருண்டை வாசனை.

"இந்தக் காலத்துல யாரும்மா இவ்வளவு பணத்தைக் கையில வெச்சிருக்காங்க?"

"சேமிப்பு அங்கிள்."

பணத்தைக் கட்டியதும் கோவிந்தப்பாவுக்கே சந்தோஷம். "இவ்வளவு சீக்கிரமா எப்படி சார் புரட்டினீங்க?"

"முன்ரூமை வாடகைக்கு விட்டுட்டேன்," என்றார் ஓஸ்வால்ட், பெருமையாக.

கோவிந்தப்பாவின் விரல் கீபோர்டில் நின்றது. "எதுக்கு சார் என்கிட்ட சொன்னீங்க? நாமளே குடியிருந்தா ஒரு ரேட், வாடகைக்கு விட்டா டபுள். காதுல விழுந்தப்புறம் நான் எழுதித்தானே ஆகணும்?"

"இப்போ என்ன பண்றது?"

"அந்தப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்லிட்டு வாங்க. பழைய ரேட்டே போடறேன்."

காலி பண்ணச் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அதுதான் வரியாகப் போய்விட்டதே. ஸ்கூட்டரை விற்றார். முப்பதாயிரம் வந்தது. பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு குல்குல்லை வாயை மூடிக்கொண்டு மென்றிருந்தால் இத்தனையும் மிச்சம். பல்லுக்குக்கூட அன்று ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஸ்னேஹா மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ காலி பண்ணணும்மா. தப்பு என்னோடதுதான். இப்போதைக்கு முப்பதாயிரம் இருக்கு. மிச்சத்தைத் தவணையா தர்றேன்."

அவள் நோட்டுகளைப் பார்த்தாள். பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என்கிட்ட எதுக்கு அங்கிள் குடுக்கறீங்க? இந்தச் சுவத்துல நீங்க எழுதின 'பாதி' சரியா அழியலையாம். அதைப் பார்த்துட்டு, 'நான் நேர்ல குடுத்தா வாங்க மாட்டான்'னு சர்ச்சுல பழக்கமான மாடி ஆன்ட்டிதான் அந்தத் தொண்ணூறாயிரத்தை என் கையில குடுத்து அனுப்பினாங்க."