தாரை வார்க்கும் சத்தம்

அம்பிட்டிய, கண்டி
2008 ஆனி

லண்டனில் குளிருக்குள் குறைவின்றி வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மச்சான் விவேகானந்தன் அவர்களுக்கு,

உம்முடைய தங்கை பத்மாதேவியும் எங்கள் மகள் பாமாவும் அம்மாள் அருளால் நலம். நானும் இடுப்புக்கு மேலே நலம். அங்கே நீர் முழுதாக நலமாயிருக்க வேண்டுகிறேன்.

மாசி மாதம் நீர்தானே என்னை அங்கே கூப்பிட்டு, "மச்சான், புறஸ்டேற் கான்சர் ஒப்பரேசன் இப்ப மனுசன் செய்யிறேல்லை, ரோபோதான். கொஞ்ச நாளில ஓடித் திரிவீர்" எண்டு சொன்னனீர்? ஓடித்தான் திரிகிறேன், கக்கூசுக்கு. மயக்க ஊசி ஏறுமுன் பார்த்தேன், டொக்டர் என் கிட்டவே வரவில்லை. மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தார். கட்டிலுக்கு மேலே நாலு கையோடு ஒரு இயந்திரம் நின்றது. இதைக் கேட்டதும் பத்மா, "நாலு கையெண்டால் பிள்ளையார்தான். கும்பிட்டனீங்களோ?" என்றாள். கும்பிடாதது பிழைதான். புற்றுநோயைத் துப்புரவாக எடுத்துவிட்டது, அதற்கு உமக்கும் அதற்கும் கோடி புண்ணியம். ஆனால் குழாயைப் பூட்டுகிற திருகாணியை இறுக்காமல் விட்டுவிட்டது. தும்மினால் போகும், சிரித்தால் போகும், கதிரையை விட்டு எழும்பினால் போகும், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் கேட்கவே வேண்டாம்.

அடக்குவதுபோல் தசையை இறுக்கி இறுக்கி விடவேண்டும் என்று அங்கே பயிற்சி சொல்லித் தந்தார்கள். அதைக் கோயிலில் செய்துகொண்டு நிற்க, என் முகம் போன போக்கைக் கண்ட ஐயர், பக்தி முற்றிவிட்டதென்று கூடுதலாகத் திருநீறு தந்தார்.

போன கிழமை கலியாணக் காட் அடிக்கக் கொடுப்பதற்காக நானும் பத்மாவும் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். வழியில் செக்பொயின்ற். எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், அது போதாதென்று இடுப்பைச் சுற்றிப் பொம்மலாகப் புடைத்த ஒரு கட்டு. தடவிக்கொண்டு வந்த ஆமிக்காரனின் கை அங்கே நின்றுவிட்டது. "மே மொகத?" என்றான், இது என்ன என்று. வேலை பார்த்த கந்தோரில் காலமெல்லாம் பேசிய சிங்களம் அந்த நேரம் பார்த்து ஓடி ஒளிந்துவிட்டது. "ரோபோ, லண்டன்" என்பது மட்டும் வாயில் வந்தது. இடுப்பில் கட்டு, வாயில் ரோபோ! அவன் தோளில் கிடந்த துவக்கு நிமிர்ந்தது. மச்சான், பகிடியில்லை, உண்மையாகவே பயந்துபோனேன். அந்த வரிசையிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. அப்போது உம்முடைய தங்கை கைப்பையைத் திறந்து, நான் கட்டுகிற பம்பர்ஸில் புதிது ஒன்றை உருவி, பஸ் சனம் முழுக்கப் பார்க்க உயர்த்திப் பிடித்து, "மாத்தயா, மே வகே!" என்றாள், ஐயா, இதைப் போலத்தான் என்று. ஆமிக்காரன் பார்த்தான், பிறகு சிரிக்கத் தொடங்கினான். தன் தகப்பனுக்கும் இதே வருத்தமாம். "யண்ட சீயா" என்று, போங்கள் தாத்தா என்று, முதுகில் தட்டி விட்டான். அதற்கிடையில் பம்பர்ஸ் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது.

இனித்தான் விசயத்துக்கு வாறன். ஆவணியில் பாமாவின் கலியாணம். தகப்பன் மணவறையில் இருந்து மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க, தாய் செம்பால் தண்ணீர் வார்ப்பாள். தண்ணீர், மச்சான்! வேறு எதையாவது வார்க்கக் கூடாதா? வேட்டிக்குள் பம்பர்ஸ் கட்டினால் பின்பக்கம் மத்தளம்போல் நிற்கிறது, வீடியோக்காரன் விடுவானா? சரி, ஒத்திகை பார்ப்போமென்று ஹோலில் பலகை போட்டு, நான் வேட்டியோடு இருக்க, பாமா கை நீட்ட, பத்மா செம்பைச் சரித்தாள். செம்பு பாதியாகுமுன் பலகை நனைந்துவிட்டது. பாமா முதலில் சிரித்தாள், பிறகு அழத் தொடங்கினாள். "அப்பா, நீங்கள் தாரை வார்க்காட்டி எனக்கு மணவறையே வேண்டாம். கலியாணப் பதிவோட விடுங்கோ" என்றாள். பிறந்த அன்று அவளை வாங்கிய கை இது. கொடுக்கிற அன்றைக்கு இது உதவாதென்றால் நான் எதற்கு?

ஆனாலும் சபைக்கு நடுவே பிள்ளைக்கு வெட்கம் வரக்கூடாது. ஆகவே தாய்மாமன் முறையில் நீரும் உம்முடைய மனுசியும் வந்து என் இடத்தில் இருந்து தாரை வார்த்துத் தரவேண்டும். நான் பின்வரிசையில், கக்கூசுக்குக் கிட்டவாக இருந்து பார்த்துக்கொள்கிறேன். மறுக்க வேண்டாம்.

உம்முடைய குடும்பம் ஆலாய்த் தழைக்கவும், உம்முடைய குழாய்கள் கடைசிவரை உமது சொல் கேட்கவும் வாழ்த்தும்,

அன்புள்ள மச்சான்,
நவரட்ணராஜா

பி.கு.: இந்தக் கடிதம் ஆனியில் எழுதியது, இப்போது ஆடி நடுப்பகுதி. தபாலில் போடச் சொல்லிப் பத்மாவிடம் கொடுத்தேன், போட்டாளென்றே நினைத்திருந்தேன். இன்றைக்கு அதே செக்பொயின்றில் அதே ஆமிக்காரன் அவளுடைய கைப்பையைத் திறக்க, இது வெளியே விழுந்தது. "என்ர மனுசன் இருக்கேக்க அண்ணன் ஏன் தாரை வார்க்க வேணும்?" என்றாள் அந்த வரிசையிலேயே நின்றுகொண்டு. நான் பதில் சொல்லுமுன் ஆமிக்காரன் பையைக் கிளறி, "சீயா, பம்பர்ஸ் கோ?" என்றான், எங்கே என்று. இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கட்ட மறந்து வந்திருக்கிறேன், வேட்டியும் காய்ந்தபடி! கோயிலில் இறுக்கி இறுக்கி விட்டது வீண்போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாமாவே செம்பைத் தூக்கினாள். செம்பு முடிந்தது, பலகை நனையவில்லை. கண்தான் நனைந்தது.

ஆகவே தாரை நானே வார்க்கிறேன். நீர் கட்டாயம் வாரும், ஆனால் பின்வரிசையில் இரும். தண்ணீர்ச் சத்தத்தை வென்றுவிட்டேன், உம்முடைய பகிடிக்கு இன்னும் உத்தரவாதமில்லை.